கசவும் வெண்மையும்

வண்ணம் கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. ஒரு நாட்டு மக்களின் அடையாளமும் ஆகும். மலையாள நாட்டின் திருநாள் நிறம், சாயமேற்றாத பருத்தியின் வெண்மையும் கசவுக்கரையின் பொன்னொளியுமே. அவ்வண்ணத்தை இங்கே நெய்தளித்தோருள் தமிழரும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழகத்தின் தென்கோடியிலிருந்து சாலியர் குடும்பங்கள் வந்து குடியேறின. மன்னர் பெயரால் அவ்வூர் பாலராமபுரம் ஆயிற்று. நம் நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள அவ்வூரில் இன்றும் குழித்தறிகள் ஒலிக்கின்றன.

வந்த நாட்டின் வண்ணத்தையே தம் கைத்திறனால் சிறப்பித்தனர் அம்முன்னோர். விசைத்தறித் துணி மலிந்த இந்நாளில், ஓணத்திற்கேனும் அவர்தம் வழியினர் நெய்த ஆடையை நாம் வாங்குவோமாக!