மலையடியில் ஒரு மருத்துவமனை

கொங்கு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் இருபத்து நான்கு நாட்டுப் பிரிவுகளையும், காணியுரிமைகளையும், கோயில் கல்வெட்டுகளையும் விரித்துரைப்பர். ஆயின் அம்மண்ணில் பிறந்த குழந்தைகளுள் முதலாண்டைக் காணாமல் மறைந்தோர் எத்துணையர் என்பதைப் பொறித்து வைத்த கல்வெட்டு ஏதுமில்லை. மலைகளில் வாழ்வோரைப் பொறுத்தவரை இம்மௌனம் அண்மைக்காலம் வரை நீடித்தது. அம்மௌனத்தைக் கலைத்த முயற்சிகளுள் ஒன்று, கொங்கின் வடகிழக்கு விளிம்பை அடுத்துள்ள சிட்லிங்கியில் நிகழ்ந்தது.

முன்னோடிகள்

தமிழகத்தில் தாய் சேய் மருத்துவத்தின் வரலாறு பெரிதும் தொண்டு நிறுவனங்களின் வரலாறேயாகும். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளந்தாய்மார், ஆண் மருத்துவரை அழைக்கத் தடையிருந்த காரணத்தால், பேற்றின்போது மாண்டனர். அந்நிகழ்ச்சியே ஐடா ஸ்கடர் அம்மையாரை மருத்துவம் பயில வைத்தது. 1902-இல் வேலூரில் அவர் மருத்துவமனையைத் திறந்தார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர இயலாதோரை நாடிக் குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் நின்று மருந்தளித்தார். நோயாளி மருத்துவரைத் தேடி வருதல் மட்டும் போதாது என்பதை அச்சாலையோர மருந்தகங்கள் அன்றே உணர்த்தின.

விடுதலைக்குப் பின் இப்பணி இருவேறு ஊற்றுகளிலிருந்து பெருகியது. 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் தோற்றுவித்த காந்திகிராமத்தில் கஸ்தூரிபா மருத்துவமனை வளர்ந்தது. 1955-இல் டாக்டர் ஏ.கே. தரியன் ஒட்டன்சத்திரத்தில் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார். ஒன்று காந்தியத்திலும் மற்றொன்று கிறித்தவத்திலும் வேர் கொண்டது. இரண்டும் சிற்றூரை நோக்கியே கிளை பரப்பின.

பள்ளத்தாக்கின் நிலை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே அமைந்தது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் தம் முன்னோர் என்னும் மரபுவழிக் கதையைக் கொல்லிமலையினரைப் போலவே இவர்களும் கூறுவர். லம்பாடியரும் உடன் வாழ்கின்றனர்.

1990-களின் தொடக்கத்தில் இப்பகுதியில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஏறத்தாழ ஏழு தொட்டில்களில் ஒன்று வெறுமையாயிற்று என்பது இதன் பொருள். அருகிலிருந்த மருத்துவமனைக்கே ஏறக்குறைய 50 கி.மீ. செல்ல வேண்டும், பேருந்தோ அரிது. வயிற்றுப்போக்கும் நுரையீரல் அழற்சியும் பச்சிளங்குழந்தையை ஒரிரு நாள்களில் கொண்டுபோகும் நோய்கள். அவற்றுக்கு மருந்து இல்லாமலில்லை; மருந்துக்கும் குழந்தைக்கும் இடையே மலை இருந்தது.

கூரைக் கொட்டகை

ஆலப்புழையில் மருத்துவம் பயின்று காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றியவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர். ரெஜி மயக்க மருந்தியல் வல்லுநர். லலிதா மகப்பேற்று மருத்துவர். எளிதில் தடுக்கத்தக்க நோய்களோடு மக்கள் நெடுந்தொலைவு நடந்து வருவதைக் கண்ட இருவரும், 1993-இல் சிட்லிங்கியில் பழங்குடியினர் நலத்திற்கான அமைப்பைத் தொடங்கினர். ஊரார் எழுப்பித் தந்த மண்சுவர்க் கூரைக் கொட்டகையே முதல் மருத்துவமனை. சில ஆண்டுகள் பேறுகாலமும் சிறு அறுவைகளும் அக்கொட்டகையிலேயே நடைபெற்றன.

எனினும் கொட்டகையைக் காட்டிலும் முதன்மையானது, அவர்கள் பயிற்றுவித்த பெண்களின் பணியே. பள்ளிப்படிப்பை மட்டுமே பெற்றிருந்த பழங்குடி இளம்பெண்கள் செவிலியராகப் பயிற்சி பெற்றனர். ஊர்தோறும் மணமான பெண்கள் நலப்பணியாளராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, கருவுற்ற தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றனர்.

இப்பணிக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது உடலின் நீரும் உப்பும் வற்றிப் போவதே. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினால், பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கும். சர்க்கரை குடலில் உப்பையும், அதனோடு நீரையும் ஈர்த்துக் கொள்ள உதவுகிறது. 1971-இல் வங்கதேச அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இம்முறையின் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்தார். அவ்வாறே, இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பதை எண்ணத் தெரிந்த எவரும் கற்கலாம். அறிவியல் எளிமையானது, அதைக் குடிசையின் வாயிலில், உரிய வேளையில், தாய் நம்பும் ஒருவர் செய்ய வேண்டும் என்பதே அரிய பகுதி.

விளைவும் பாடமும்

கொட்டகை பின்னர்ப் பத்துப் படுக்கைகள் கொண்ட கட்டடமாயிற்று. அதன்பின் அறுவை அரங்கும் ஆய்வகமும் உடைய 35 படுக்கை மருத்துவமனையாக வளர்ந்தது. குழந்தை இறப்பு 1,000-க்கு 147 என்ற நிலையிலிருந்து 20 அளவுக்கு இறங்கியது. நோய்க்கு மூலம் வறுமை என்பதை உணர்ந்தோர், இயற்கை வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்கும் பின்னாளில் துணை நின்றனர்.

தொண்டுள்ளம் கொண்ட மருத்துவர் இருவர் வந்ததால் இவ்வெற்றி கிட்டியது என்பது உண்மை, ஆயினும் பாதியுண்மையே. அவ்விருவர் மட்டும் ஊர் ஊராய்ச் சென்றிருப்பின் பள்ளத்தாக்கின் எல்லா வாயில்களையும் எட்டியிருக்க இயலாது. தம் அறிவைத் தம்மிடமே வைத்துக் கொள்ளாமல் அவ்வூர்ப் பெண்களிடம் ஒப்படைத்ததே அவர்கள் செய்த பெரும்பணி. அன்று அக்கொட்டகையில் பிறந்தோர் இன்று முப்பது வயதை எட்டியிருப்பர். கொங்கின் வரலாற்றை எழுதுவோர் கணக்கில் கொள்ள வேண்டிய செல்வம் அவர்களே.