கண்டி வீதியின் பழைய கார்கள்: வில்லும் ஷொக்கும்

பழைய காருக்கு ஸ்பிறிங்கும் ஷொக் அப்சோபரும் தேடிப் பொருத்துவது யாழ்ப்பாணத்தில் எழுபது ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் தொழில். கண்டி வீதி அந்தத் தொழிலுக்கு ஓயாமல் வேலை கொடுத்துவந்திருக்கிறது. நகரத்திலிருந்து கிழக்கே போகும் அந்த வீதியில் கச்சேரிப் பக்கம் கழிந்ததும் அரியாலை வரும். வீடுகளும் வேலிகளும் முடியும் இடத்தில் செம்மணி வெளி தொடங்கும். ஒருகாலத்தில் உப்பு விளைந்த தாழ்நிலம் அது. அதற்கப்பால் நாவற்குழிப் பாலம், பிறகு தென்மராட்சி. குடாநாட்டிலிருந்து தெற்கே தரைவழியாகப் போன வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தத் துண்டைக் கடந்தே போயின. உப்புக் காற்றும், மாரியில் ஊறும் தரையும், மனிதரோடு மூட்டைகளையும் ஏற்றும் வழக்கமும் சேர்ந்து காரின் கீழ்ப்பகுதியை மேற்பகுதிக்கு முன்பே கிழவனாக்கின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவுக்கு அந்நியச் செலாவணி அவசரமாகத் தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே உருக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை என்று அரசு வைத்ததால், ஒஸ்ரினும் மொறிஸும் தங்கள் கார்களில் பெரும் பகுதியைக் கடல்கடந்து அனுப்பின. ஒஸ்ரின் ஏ-40 டெவன் 1947இலும், அதன் இடத்தைப் பிடித்த உருண்டை உடம்புச் சொமர்செட் 1952இலும் வெளிவந்தன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. இலங்கைக்கு வந்தவற்றில் கணிசமானவை யாழ்ப்பாணத்தில் வைத்தியர், வக்கீல், ஆசிரியர் வீடுகளுக்குப் போயின. ஏ-40 வாடகைக் காராகவும் ஓடியது. 1950களின் பிற்பகுதியில் இலக்கத் தகட்டில் சிங்கள 'சிறீ' எழுத்து புகுத்தப்பட்டு வடக்கில் அது பெரும் போராட்டமாக வெடித்தது. அதற்கு முன்பே பதிவானதால், ஆங்கில எழுத்துத் தகட்டோடு இன்றும் நிற்கும் ஒரு சொமர்செட்டின் வயதை அந்தத் தகடே சொல்லிவிடும்.

இந்தக் கார்களின் அடிப்பகுதி இன்றைய கார்களைப் போன்றதல்ல. ஏ-40இல் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருள் வில் இருக்கும். பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகட்டு வில். மொறிஸ் மைனரிலும் பின்புறம் தகடுதான். முன்னால் சுருளுக்குப் பதில் காரின் நீளவாட்டில் படுத்திருக்கும் முறுக்குத் தண்டு. ஷொக் அப்சோபர் இரண்டிலும் நெம்புகோல் வகை. கையளவு உலோகப் பெட்டி. அதற்குள் எண்ணெயும் பிஸ்டனும் சிறு வால்வும். வெளியே நீட்டியிருக்கும் ஒரு கை. சக்கரம் ஏறி இறங்கும்போது கை ஆடும். பிஸ்டன் எண்ணெயைக் குறுகிய வழியால் தள்ளும். அந்தத் தடையே ஆட்டத்தை அடக்குவது. முன்பக்கத்தில் இந்தக் கைக்கு இன்னொரு வேலையும் உண்டு: சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் மேல் இணைப்பும் அதுவே. ஆகவே அது தளர்ந்தால் கார் துள்ளுவதோடு நிற்காது, சக்கரத்தின் சாய்வே மாறிவிடும். பிற்காலத்தில் நடந்த பல தவறுகளுக்கு, இந்த இரட்டை வேலையை மறந்தது காரணம்.

வில்லும் ஷொக்கும் ஒரே வேலையைச் செய்வதாக நினைப்பது பரவலான பிழை. பாரத்தைத் தாங்குவது வில். பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியை வாங்கிச் சேமித்து, உடனே திருப்பிக் கொடுப்பதும் அதுவே. திருப்பிக் கொடுக்கும்போது கார் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்காதபடி அந்தச் சக்தியைச் சூடாக்கிக் கரைப்பது ஷொக். வில் விறைத்தால் ஷொக்கும் அதற்கேற்ப இறுக வேண்டும். காரின் பாரம் மாறாமல் வில்லின் விறைப்பு மட்டும் இருமடங்கானால், அதே அளவு அடக்கத்துக்கு ஷொக்கின் தடை ஏறத்தாழ 40 வீதம் கூடவேண்டும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டபோது கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970இல் வந்த அரசு அந்தக் கயிற்றை மேலும் முறுக்கியது. புதுக் கார் அருமையானது, உதிரிப்பாகமும் அப்படியே. ஐந்தாறு ஆண்டு ஓட்டி விற்றுவிட நினைத்து வாங்கிய கார் பிள்ளைகளின் கைக்குப் போனது. யாழ்ப்பாணத்துக் கராச்சுகளும், கம்மாலைகளும், லேத் பட்டறைகளும் இந்தக் காலத்திலேதான் ஒரு கூட்டுத் தொழிலாக இறுகின. காரைத் தூக்குவது கராச். வில்லை வளைப்பது கம்மாலை. தேய்ந்த ஆணியையும் பித்தளைப் புஷ்ஷையும் கடைந்து கொடுப்பது லேத்.

கழற்றிய தகட்டுக் கட்டைக் கம்மாலையில் பிரிக்கும்போது முதலில் கொட்டுவது செந்துரு. செம்மணி வெளியில் ஓடிய காரானால் அது பிடிபிடியாக வரும். துருவைத் தட்டிய பின், ஒவ்வொரு தகட்டின் நுனியும் தனக்கு அடுத்த நீளத் தகட்டில் உரசி உரசித் தோண்டிய பள்ளம் தெரியும். தகடு முறிவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில், அல்லது நடு ஆணித் துளையில். முறியாத தகடு வளைவு இழந்து தட்டையாகியிருந்தால் அதைத் திரும்ப வளைக்க இரண்டு வழி. குளிர்ந்தபடியே பட்டடையில் வைத்து வரிசையாகச் சுத்தியலால் அடிப்பது ஒன்று. அன்று மாலையே கார் நிமிர்ந்து நிற்கும், சில மாதத்தில் மறுபடி குந்தும். மற்றது உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, திரும்பவும் இளஞ்சூட்டில் பதப்படுத்துவது. முதற் சூடு 850 பாகை செல்சியசுக்கு மேல் போகவேண்டும். பதச்சூடு 450 முதல் 500 வரை. வெப்பமானி இல்லாத உலையில் இதை நிறத்தைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். பதம் தவறினால் தகடு ஒன்றில் கண்ணாடிபோல் முறியும், அல்லது இரும்புப் பட்டைபோல் வளைந்து கிடக்கும். நல்ல கொல்லரின் பெயர் ஊர் தாண்டிப் பரவியது இந்தக் கண்ணளவை நம்பித்தான்.

தகடு கிடைக்காதபோது லொறியின் பழைய தகட்டை வெட்டிச் சேர்ப்பது வழக்கம். இங்கேதான் கணக்கு தப்பியது. தகட்டு வில்லின் விறைப்பு தகடுகளின் எண்ணிக்கையோடு நேராகக் கூடும். தடிப்போடு அப்படியல்ல, தடிப்பின் மூன்றாம் அடுக்கில் கூடும். ஏழு தகட்டுக் கட்டில் அதே தடிப்பில் எட்டாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். காருக்கு அது பொறுக்கும். இருமடங்கு தடித்த லொறித் தகடு ஒன்றைச் சேர்த்தால், அகலமும் நீளமும் ஒத்திருந்தால், அந்த ஒன்றே எட்டுக்குச் சமம். கட்டின் விறைப்பு இருமடங்கையும் தாண்டிவிடும். கார் மூட்டையோடு நிமிர்ந்து நிற்கும். மூட்டை இறங்கியதும் மாட்டுவண்டிபோல் உலுக்கும். பழைய ஷொக்கால் அந்த வில்லை அடக்க முடியாது. வில்லை மட்டும் பார்த்துத் திருத்திய காலம் அது.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பான் கார்கள் வந்தன. ரொயோட்டா கொறொல்லாவின் டி.எக்ஸ். வாகன் பாரத்துக்குப் பேர்போனது. அதன் பின்புறம் தகட்டு வில், முன்புறம் சுருளும் ஷொக்கும் ஒரே தூணில் சேர்ந்த மக்பேர்சன் அமைப்பு. குழாய்போல் நீண்ட ஷொக் கடையில் பெட்டியோடு கிடைத்தது. எண்ணெய் ஊற்றிப் பழுதுபார்க்கும் வேலை, கழற்றி எறிந்து புதிது போடும் வேலையாக மாறத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் அந்த மாற்றம் பாதியில் நின்றது.

1990 ஜூனில் போர் திரும்பவும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்கலம் முதல் சீமெந்து வரை தடைப் பட்டியல் நீண்டது. தெற்கே போகும் பாதை மூடி, மக்கள் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். அப்போது தெருவுக்குத் திரும்ப வந்தவை ஏ-40களும் மொறிஸ் மைனர்களும். அவற்றின் இயந்திரம் குறைந்த அமுக்க விகிதம் கொண்டது; தரம் குறைந்த எரிபொருளைப் பொறுத்துக்கொள்ளும். கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், மணப்பெண்ணை மண்டபத்துக்குக் கொண்டுவந்ததும் இந்தப் புகைக் கார்கள்தான். ஒரு சமூகத்தின் அவசரங்களைச் சுமந்த வண்டிகள் என்ற மதிப்பு அவற்றுக்கு உண்டு.

சுமந்ததன் விலையை வில்லும் ஷொக்கும் கொடுத்தன. வீதி திருத்தப்படவில்லை, ஷெல் விழுந்த குழிகள் மண்ணால் மட்டுமே நிரப்பப்பட்டன. நெம்புகோல் ஷொக்கின் தண்டுச் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும். மாற்றுச் சீல் இல்லை. மேலே உள்ள சிறு மூடியைக் கழற்றி எண்ணெய் விட்டு, காற்றுக் குமிழ் அடங்கும்வரை கையை மேலும் கீழும் அசைத்து, மூடிவிடுவதே வைத்தியம். அதற்கு மெல்லிய எண்ணெய் வேண்டும். தடித்த இயந்திர எண்ணெயே கிடைத்த இடத்தில் ஷொக் மரத்துப்போய்ச் சிறு குழிக்கும் கார் அதிர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறியபோது, அரியாலையையும் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் நிறைத்த கூட்டத்தில் சைக்கிள், மாட்டுவண்டி, ரக்டரோடு இந்தக் கார்களும் ஊர்ந்தன. 2000 மே மாதத்தில் சண்டை அரியாலையின் கிழக்கு எல்லைக்கே வந்தது.

2002 ஏப்ரலில் கண்டி வீதியான ஏ-9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. 2009இல் போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. ஒவ்வொரு திறப்பிலும் உதிரிப்பாகம் வடக்கே வந்தது, பழைய கார்கள் சேகரிப்போருக்கு விலைபோய்த் தெற்கே இறங்கின. மொறிஸ் மைனருக்கு மட்டும் ஒரு நல்ல காலம் இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வேர் இலங்கையரோடு கூட்டாக இங்கேயே அதன் பாகங்களைச் செய்விக்கத் தொடங்கியிருந்தார். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வைத்திருப்போருக்கு இந்தியா கைகொடுத்தது. அதன் மூன்றாம் தொடரிலிருந்து பிறந்த அம்பாசடர் 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியானது. 2020இல் நாடு வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்தாண்டில் இருபது, முப்பது வயதுக் கார்களும் ஓட வேண்டியிருந்தன. 1970களின் பட்டறை அறிவுக்குத் திரும்பவும் தேவை வந்தது.

இன்று தெரிவு அதிகம். அதனால் தவறும் அதிகம். பழுதடைந்த நெம்புகோல் ஷொக்குக்குப் பதில் குழாய் ஷொக் பொருத்துவது பின்பக்கத்தில் சரி. முன்பக்கத்தில் பழைய பெட்டியைக் கழற்றி எறிந்தால் சக்கரத்துக்கு மேற்பிடி இல்லாமற் போகும். அதை இணைப்பாக விட்டுவைத்தே புதியதைச் சேர்க்கவேண்டும். புதிய ஷொக்கின் நீட்சி, சக்கரத்தின் முழு ஏற்ற இறக்கத்தையும் விடக் குறையக்கூடாது. குறைந்தால் வில் சுருங்குமுன் ஷொக் முட்டி, அதன் பிடிமானமே வெடிக்கும். இளைஞர்கள் பழைய ஜப்பான் காரைத் தாழ்த்தச் சுருளை வெட்டுவது அடுத்த தவறு. எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் கார் தாழ்வதோடு வில்லின் விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடும், நகர்வதற்கான இடமோ குறையும். கம்பித் தடிப்பில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்: பத்து வீதம் தடித்த கம்பி விறைப்பை 46 வீதம் கூட்டும். கண்ணுக்கு ஒரேபோல் தெரியும் இரு சுருள்கள் காரில் இரு வேறு வில்லாக நடந்துகொள்வது இதனால்தான்.

மாற்றவேண்டுமா என்று அறியச் சோதனை எளிது. மட்காட்டை அழுத்தி விட்டால் கார் ஒருமுறை எழும்பி அடங்கவேண்டும். மேலும் ஆடினால் ஷொக் முடிந்தது. ரயரில் திட்டுத்திட்டாகத் தேய்மானம் இருந்தாலும் அதே பொருள். கார் ஒருபக்கம் சாய்ந்தோ குந்தியோ நின்றால் குறை வில்லில். இரண்டையும் இடம் வலம் சோடியாகவே மாற்றுவார்கள். மொறிஸ் மைனரின் முறுக்குத் தண்டை மட்டும் பக்கம் மாற்றிப் போடக்கூடாது. ஓடிய தண்டு தன் பக்கத்து முறுக்குக்கே பழகியிருக்கும்.

பொருத்தும்போது றபர் புஷ்களின் ஆணியைக் கார் ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால், சக்கரம் தரையில் படும் கணமே றபர் முறுகிச் சில மாதத்தில் கிழியும். காரை இறக்கி, பாரம் வில்லில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. தகட்டுக் கட்டை அச்சோடு பிணைக்கும் யூ வடிவ ஆணிகள் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் சற்றுத் தளரும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அப்போது காரைத் திரும்பவும் கராச்சுக்குக் கொண்டுவந்து அவற்றை ஒருமுறை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.