மூன்று சென்ட்டில் எத்தனை மரம்? – கொல்லைப்புறத்தின் நில வரலாறு

தமிழில் நில வரலாறு என்றால் அது வயலின் வரலாறுதான். நன்செய், புன்செய், வாரம், குத்தகை, உச்சவரம்பு என்று நிறைய எழுதியாயிற்று. வயலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் படுத்துக்கொண்ட இடம், அதற்குப் பின்னால் கிடந்த பத்தடி மண், அந்த மண்ணில் நின்ற ஒரு கொய்யா ஆகியவை ஆய்வாளர்களின் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் 'அது பொம்பளைக விஷயம்' என்று ஒதுக்கியிருப்பார்கள். மதுரை நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சமவெளியையும் வைத்துக்கொண்டு இந்தப் பத்தடி மண்ணை வாசித்துப் பார்க்கலாம்.

ஒரு கொல்லையில் எந்தப் பழமரம் நிற்கிறது என்பதை மண்ணும் தண்ணீரும் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் இன்னும் எத்தனை வருஷம் அங்கேயே இருப்போம் என்று நம்பினார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. பப்பாளி விதை போட்டால் பத்து மாசத்தில் பழம். வாழைக்கு ஒரு வருஷம். பதியம் போட்ட கொய்யா இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். சீத்தாவுக்கு மூன்று நான்கு வருஷம். ஒட்டு மா நான்கைந்து வருஷம் கேட்கும். கொட்டை போட்டு முளைத்த மாவும் பலாவும் ஏழெட்டு வருஷத்துக்குக் குறையாமல் காக்க வைக்கும். இது தோட்டக்கலைக் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் அடுத்த ஆடியில் இந்த மனையில் இருப்போமா என்று தெரியாதவர்களுக்கு இது உடைமைக் கணக்கு. அவர்கள் பப்பாளிதான் போடுவார்கள். பேரன் இங்கேதான் இருப்பான் என்று உறுதியாகத் தெரிந்தவர் மாங்கன்று வைப்பார்.

1. முக்கனி யாருடைய கனி?

மா, பலா, வாழை என்று நம்முடைய இலக்கியச் சொல்லாடல் மூன்றைத் தேர்ந்தெடுத்துச் சிம்மாசனத்தில் உட்கார வைத்திருக்கிறது. இதில் மாவும் பலாவும் தோப்புக்காரரின் மரங்கள். நிழல் விழ இடமும், தலைமுறையாக அனுபவிக்கப் பட்டாவும், காவலுக்கு ஆளும் வேண்டிய மரங்கள். அழகர்மலை அடிவாரத்திலும் நத்தம் பக்கத்திலும் கல்லாமையும் காசாவும் காய்த்த தோப்புகளுக்குப் பெயர் உண்டு, ஆவணம் உண்டு, வேலி உண்டு. அந்தத் தோப்புகளில் குழி வெட்டித் தண்ணீர் சுமந்தவர்களின் வீட்டுக்குப் பின்னால் நின்றவை வேறு மரங்கள்.

அந்த வேறு மரங்கள் எல்லாமே வெளியூரிலிருந்து வந்தவை. கொய்யா, பப்பாளி, சீத்தா, முந்திரி ஆகியவை வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களின் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தன. 1580களில் கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், ஸ்பானியர்களின் நாடுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், மலாக்கா வழியாகப் பப்பாளி இந்தியாவுக்கு வந்ததாக எழுதிவைத்தார். சப்போட்டாவுக்குச் சீமை இலுப்பை என்றும் ஒரு பெயர். 'சீமை' என்கிற அந்த ஒட்டு வந்த வழியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பப்பாளிக்கும் கொய்யாவுக்கும் அந்த ஒட்டுகூட ஒட்டவில்லை. நானூறு வருஷத்தில் அவை நம்ம ஊர் மரமாகிவிட்டன.

'நாட்டு மரம், அந்நிய மரம்' என்று இன்று தூய்மை பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மண்ணின் மைந்தன் என்கிற தகுதி மாவுக்கும் பலாவுக்கும் எளிதாகக் கிடைத்தது. ஆனால் மண்ணில்லாதவர்களின் வீட்டில் அவை காய்க்கவில்லை. சீக்கிரம் காய்ப்பது, குறைந்த இடத்தில் நிற்பது, பறவை போட்ட எச்சத்திலிருந்தே முளைத்துவிடுவது ஆகிய குணங்களோடு வந்த அந்நியர்கள்தான் அங்கே காய்த்தார்கள். கடம்பவனம் என்று தலபுராணப் பெருமை உள்ள ஊர் இது. கடம்பம் மீனாட்சி கோயிலின் தலவிருட்சமாக நிலைத்துவிட்டது. குடிசையோரத்தில் நிலைத்தது பப்பாளி. மரங்களின் வரலாற்றிலும் கருவறையும் புழக்கடையும் தனித்தனியாகத்தான் இருந்திருக்கின்றன.

2. மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும்

பழைய மதுரையின் மாசி வீதி, ஆவணி மூல வீதி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. முற்றம் உண்டு, கிணறு உண்டு. மரம் வேர்விட மண் அரிது. 1830களின் கடைசியிலும் 1840களின் தொடக்கத்திலும் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிக்க வைத்து அகழியைத் தூர்த்தார். அப்படித் தூர்ந்த இடத்தில் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் எழுந்தன. மனைகள் கிடைத்தன. கிடைத்த மனையை மக்கள் வீடாகவும் கடையாகவுமே நிரப்பினார்கள். வியாபார நகரத்தில் வெறும் மண்ணை விட்டுவைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

1892இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் தொடங்கியது. சமவெளிக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஆரப்பாளையத்துப் பக்கமெல்லாம் வளவு வீடுகள் பெருகின. ஒரு வாசல், ஒரு குழாய், வரிசையாக ஒற்றை அறைகள். வாடகைக்கு இருப்பவர் மரம் வைக்க முடியாது. வைத்தால் 'சொந்தம் கொண்டாடுறியா' என்று கேள்வி வரும். குழாயடிச் சகதியில் தானாக முளைத்த பப்பாளியைத்தான் யாரும் வெட்டாமல் விட்டார்கள். அதை யாரும் நடவில்லை, அதனால் யாரும் உரிமை கோரவில்லை. அதில் பழுத்தது மட்டும் எப்போதும் சண்டையில் முடிந்தது.

நகரத்தில் பழமரம் பெருகியது பிற்பாடுதான். 1961இல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வந்தது. வைகைக்கு வடக்கே அண்ணா நகர், கே.கே. நகர் என்று மனைகள் பிரிந்தன. மாசச் சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அரசு அலுவலர்கள் வீடு கட்டினார்கள். தென்னை, சப்போட்டா, மாதுளை, ஒட்டு மா என்று தெருவே குளிர்ந்தது. இது நகர நடுத்தர வர்க்கத்தின் அழகுணர்ச்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் இருபது வருஷக் கடன் தவணை கட்டுகிறவர், இருபது வருஷம் அந்த மனை தன்னைவிட்டுப் போகாது என்று எழுத்தில் வாங்கிவைத்திருக்கிறார். சப்போட்டா அந்த எழுத்தின்மேல் வளர்ந்தது.

3. குடிசைக்குப் பின்னால்

கிராமத்தில் கதை வேறு. பண்ணையில் வேலை செய்தவர்களின் குடிசை பல இடங்களில் பண்ணையின் நிலத்திலேயே நின்றது. கூலி கூடக் கேட்டால், கொடிக்கம்பம் நட்டால், முதல் தண்டனை 'குடிசையைப் பிரி' என்பதுதான். குடிசையைப் பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு போகலாம். மாமரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மரம் அனுபோகத்துக்குச் சாட்சி. ஆகவே பண்ணைக்காரர்கள் மரம் வைக்க விடுவதில்லை. வேலையாட்களுக்கும் வைக்கத் துணிச்சல் வருவதில்லை.

1971இல் வந்த தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையை உடைமையாக்கியது அச்சட்டம். 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் தனிச்சட்டம் வந்தது. அதன்கீழ் ஊருக்கு வெளியே காலனிகள் பிறந்தன. காலனி என்ற சொல்லிலேயே விலக்கல் இருக்கிறது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். முதல்முறையாகக் கையில் ஒரு மனைப்பட்டா வந்தது என்பதும் உண்மை.

அந்தப் பட்டா எவ்வளவு? பரவலாகக் கிராமத்தில் மூன்று சென்ட். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் சொச்சம். மூன்று சென்ட் என்றால் 121 சதுர மீட்டர். மரக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவுக்குப் பழைய இடைவெளி பத்துக்குப் பத்து மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். ஒரு மாமரம் நின்றால் மனையே முடிந்துபோகும். தென்னைக்கு ஏழரைக்கு ஏழரை, அதாவது 56 சதுர மீட்டர். கிட்டத்தட்ட பாதி மனை. கொய்யாவுக்கு ஆறுக்கு ஆறு என்றால் 36. பப்பாளிக்கு 1.8க்கு 1.8, அதாவது மூன்றேகால் சதுர மீட்டர். வீடும் குளியலறையும் மாட்டுக் கொட்டகையும் போக மிஞ்சுவதில் எது நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டு மரத்துக்குத் தோப்புக் கணக்கு பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தாதுதான். கிளை கூரைமேல் போகலாம், தெருப்பக்கம் சாயலாம், கவாத்து செய்து அடக்கலாம். ஆனால் அப்படிச் சாய்வதற்குப் பக்கத்து மனையும் தெருவும் இடம் கொடுக்க வேண்டும். மூன்று சென்ட் மூன்று சென்ட்டாக நெருக்கி அளந்த காலனியில் எல்லாக் கிளையும் அடுத்தவர் கூரைமேல்தான் போகும். அங்கே மரம் நிழலாக இருப்பதைவிட வழக்காக இருப்பதுதான் அதிகம்.

1994இல் செங்கல்பட்டில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். தலித் நில உரிமை அதற்குப் பின் பொதுப்பேச்சில் அழுத்தமாக இடம்பிடித்தது. அந்தப் பேச்சு ஏக்கரில் நடந்தது, நடக்கத்தான் வேண்டும். சென்ட்டிலும் ஒரு பேச்சு நடக்க வேண்டியிருந்தது. அது நடக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு இதே மதுரை மாவட்டத்தில் உண்டு. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு 1998 ஆகஸ்டில், திருமங்கலம் பக்கத்து மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வீட்டுக்கு ஐந்து சென்ட். சாதியை வீட்டு வரிசையால் ஒழிக்க முடியுமா என்ற விமர்சனம் நியாயமானது. இருந்தாலும் ஐந்து சென்ட் என்பது வீடு போக ஒரு மாவுக்கும் ஒரு கொய்யாவுக்கும் இடம் விடுகிற அளவு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சமைத்த சோறு சாதி தாண்டாத ஊரிலும் கொய்யாப்பழம் தாண்டிவிடும். வேலியைத் தாண்டிய கிளையில் பறித்துத் தின்னும் பிள்ளைகள் மரத்தின் சாதியைக் கேட்பதில்லை. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை இது. அந்த வேலிக்கருகே வேறு சாதிக்காரர் வீடு இருந்தால்தான் இதுவும் நடக்கும் என்பதே விஷயம்.

4. சிறுவாடு

கொல்லையின் உழைப்பு பெரும்பாலும் பெண்ணுடையது. மழை கம்மியான சமவெளி இது. பாத்திரம் கழுவின தண்ணீரும் குளித்த தண்ணீரும் வாய்க்கால் பிடித்துப் போகிற இடத்தில்தான் வாழை நிற்கும். பப்பாளியில் ஆண் மரம் எது, பெண் மரம் எது என்று பூவைப் பார்த்துச் சொல்வது, பூ மட்டும் பூத்துக் காய்க்காமல் நிற்கிற ஆண் மரத்தை வெட்டச் சொல்வது, பிஞ்சைக் கூட்டுக்கும் பழுத்ததைப் பள்ளிக்கூட வாசலுக்கும் பிரிப்பது எல்லாம் அவர்கள் அறிவு. கூறு கட்டி விற்ற கொய்யாக் காசு சிறுவாடாகச் சேர்ந்தது. கணவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டாத காசு அது. ஆனால் மண் அவர்கள் பெயரில் இல்லை. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. அதற்கு முன்பு தண்ணீர் ஊற்றி வளர்த்த மகள் கல்யாணமாகிப் போகும்போது மரம் அண்ணன் தம்பி பங்கில் நின்றது. அதற்குப் பின்பும் பல வீடுகளில் அங்கேயேதான் நிற்கிறது.

5. பூச்சி காட்டிய வரைபடம்

இந்தக் கொல்லைகளின் மொத்தத்தை அரசு ஒருமுறை பார்க்க நேர்ந்தது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அதுவும் அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து வந்ததுதான். வெள்ளை மாவு பூசியமாதிரி மரமே மூடிக்கொண்டு பட்டுப்போயிற்று. பப்பாளியிலிருந்து மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் தாவியது. மருந்து அடித்துக் கட்டுப்படுத்த முடியவில்லை. வேலியும் பட்டாவும் பார்க்காமல் வீடு வீடாகப் போனது பூச்சி. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சின்ன ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி விட்டார்கள். அதுவும் வேலி பார்க்காமல் போய்ப் பூச்சியை அடக்கியது. எந்தக் கணக்கிலும் வராமலிருந்த கொல்லைகள் எல்லாம் சேர்ந்து தொடர்ச்சியான ஒரு பெரிய நிலம் என்பது அப்போது தெரிந்தது. நோய் பரப்பும் இடமாக மட்டுமே அரசு அதைப் பார்த்தது. உணவு தரும் இடமாகப் பார்க்கவில்லை.

மதுரை மாநகராட்சி 2011இல் நூறு வார்டுகளாக விரிந்தது. சுற்றியிருந்த புன்செயெல்லாம் கல் ஊன்றிய பிளாட்டுகளாகிவிட்டது. பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழும்பும்போது முதலில் விழுவது சப்போட்டாவும் தென்னையும். மறுபக்கம் அரசு இலவசமாகத் தென்னங்கன்று கொடுக்கிறது, மாடித்தோட்டப் பை கொடுக்கிறது. கன்று கொடுப்பது சுலபம். அதை நடுவதற்கு 56 சதுர மீட்டர் கொடுப்பதுதான் கஷ்டம்.

வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தாலுகா அலுவலக வாசலில் உட்காருகிற இயக்கங்கள் இனிமேல் இந்த அளவையும் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பம் படுத்துறங்க எத்தனை அடி என்று கணக்குப் போட்டுத்தான் மூன்று சென்ட் வந்தது. ஒரு மா காய்க்க எத்தனை வருஷம், எத்தனை சென்ட் என்று கணக்குப் போட்டால் வேறு எண் வரும். அந்த எண்ணோடுதான் மனு எழுத வேண்டும்.