வாளையார் லாரியும் வடதுருவக் கப்பலும்

வாளையார் வழியா பாலக்காடு போய்வந்தவங்களுக்கு அந்த லாரி வரிசை மறந்திருக்காது. 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடி போகும் வரைக்கும் மணிக்கணக்கா நின்னு, ஊர்ந்து, புகை கக்கும். எங்க ஊர் கஞ்சிக்கோட்டுப் பக்கம். கோயமுத்தூர் காலேஜுக்கு பஸ்ஸில் போய்த் திரும்பினா கைக்குட்டை கறுத்திருக்கும்.

துருவக் கடலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எரிபொருள்தான். பிஎஸ்-3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பிஎஸ்-4ல் 50. 2020 ஏப்ரல் 1ல் வந்த பிஎஸ்-6ல் வெறும் 10. கப்பலுக்கோ 2019 முடியும் வரை பொது வரம்பு 35,000! 2020 ஜனவரி 1 முதல் 5,000. புகையைக் கழுவும் கருவி வச்சிருந்தா பழைய எண்ணெயையே எரிச்சுக்கலாம்.

கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்ச பிறகு அடியில் மிஞ்சும் தார் மாதிரியான கழிவுதான் கப்பலின் கன எண்ணெய். வணிகவியல் படிச்சவனுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம்: விலை குறைவு.

லாரி விஷயத்தில் உத்தரவு போட ஒரே அரசு இருந்தது. கையிருப்பு தேங்கும்னு கம்பெனிகள் முரண்டு பிடிச்சப்போ, 2017 மார்ச் 29ல் உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வண்டி விற்கக் கூடாதுன்னு முடிச்சு வச்சது. கப்பலுக்கு முதலாளி ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு. அதுக்கான விதிகளை நான் வேலை பார்க்கும் இதே லண்டனில், தேம்ஸ் கரையில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் நாடுகள் கூடிப் பேசி எழுதணும்.

தென்துருவத்தில் அது சுலபமா முடிஞ்சது. அங்கே ஊர் இல்லை, துறைமுக வியாபாரம் இல்லை. 2011 ஆகஸ்ட் 1 முதல் கன எண்ணெயை எரிக்கவும் கூடாது, சரக்கா ஏத்திப் போகவும் கூடாது. வடதுருவத்தைச் சுத்தி ரஷ்யா, கனடா, நார்வே, அமெரிக்கா, டென்மார்க்கின் கிரீன்லாந்து. அங்கே தடை வர 2024 ஜூலை 1 ஆயிடுச்சு. அதிலும் எண்ணெய்த் தொட்டிக்கு இரட்டைச் சுவர் பாதுகாப்புள்ள கப்பலுக்கு 2029 வரை விலக்கு. கரையோர நாடுகள் தங்கள் கொடிக் கப்பலுக்குத் தங்கள் கடலில் தாங்களே விலக்கு தரலாம், அதுவும் 2029 வரை. கப்பலில்தான் அரிசியும் மண்ணெண்ணெயும் வரணும்கிற குக்கிராமங்களுக்கு விலை ஏறும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, மறுக்கலை. ஆனா பெரிய கப்பல் கம்பெனிகளும் அதே கதவு வழியாப் போயிடலாமே!

இன்னொண்ணு. இந்த ரெண்டு தடையும் எண்ணெய் கடலில் கொட்டிடக் கூடாதுன்னு போட்டவை. புகைக்காகப் போட்டதில்லை. கரி படிஞ்ச பனி வெயிலைத் திருப்பி அனுப்பாம உறிஞ்சி, சீக்கிரம் உருகும். அந்தக் கரிக்காக 2021 நவம்பரில் வந்தது ஒரு தீர்மானம்: வடதுருவப் பக்கம் போகும் கப்பல்கள் சுத்தமான எரிபொருளுக்குத் தாங்களா விருப்பப்பட்டு மாறலாம். கடன் பாக்கிக்கு 'விருப்பப்பட்டா கட்டுங்க'ன்னு நான் நோட்டீஸ் அனுப்பினா எங்க மேனேஜர் என்ன சொல்வாரோ :-)