தொடுமுன், தொட்டபின்: செவிலிய மாணவியரின் கைத்தூய்மை

செவிலிய மாணவியரிடம் கைத்தூய்மை போதவில்லை என்றதும் இன்னொரு வகுப்பு எடுக்கலாம் என்பார்கள். குறை அறிவில் இல்லை என்பதே என் வாதம். எராஸ்மஸ் குழுவினர் 2010இல் மருத்துவமனைப் பணியாளரின் கைத்தூய்மை பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்தனர். அவற்றுள் பெரும்பாலானவை செல்வ நாடுகளில் நடந்தவை. செய்ய வேண்டிய தருணங்களில் 40 விழுக்காட்டில்தான் கைத்தூய்மை பேணப்பட்டது. நோயாளியைத் தொட்டபின் 47 விழுக்காடு. தொடுமுன் 21 மட்டுமே. அறியாமைதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே அளவில் குறைந்திருக்க வேண்டும். தன் கையில் அழுக்குப் பட்டதாக உணர்பவர் சொல்லாமலே கழுவுகிறார். நாடி பார்க்கவும் ரத்த அழுத்தம் எடுக்கவும் போகும்போது அந்த உந்துதல் எழுவதில்லை. தன்னைக் காக்கும் பழக்கம் வீட்டிலேயே படிந்துவிடுகிறது. பிறரைக் காக்கும் பழக்கத்தை வார்டுதான் தர வேண்டும்.

மகப்பேற்றுப் பயிற்சியில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. வியன்னா பொது மருத்துவமனையில் பிணக்கூறாய்வு முடித்து வந்த மருத்துவ மாணவர்களின் பிரிவில், பேறுகால உதவியாளர் பயின்ற பிரிவைவிடத் தாய்மார் அதிகம் இறந்தனர். 1847 மே மாதம் அங்கு மருத்துவராக இருந்த செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தார்; ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு ஜூனில் ஏறத்தாழ 2 ஆனது. அவர் கட்டாயமாக்கியது தொடுமுன் கழுவுவதை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளைச் சூழ்ந்து வாழும் மக்களுக்குச் சேவை செய்யும் அரசு மருத்துவமனைகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். இயந்திரத்தில் நசுங்கிய விரலுக்கும் தீக்காயத்துக்கும் கட்டுப் போடக் கற்கும் மாணவி, பயிற்சிச் சுற்றில் பிரசவ அறைக்கும் போகிறாள். இரண்டுக்கும் நடுவே இருப்பது அவளுடைய கை.

வேலைப்பளுவே காரணம் என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. சோப்பும் தண்ணீருமாக முறைப்படி கழுவ 40 முதல் 60 நொடிகள் வேண்டும். ஆனால் கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது ஆல்கஹால் கலந்த கிருமிநாசினித் திரவத்தைத் தேய்த்துக்கொள்ள 20 முதல் 30 நொடிகள் போதும். அந்தக் குப்பி கட்டிலருகே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையுறை போதுமே என்பது இன்னும் ஆபத்தான எண்ணம். ஒரே கையுறையோடு இரண்டு கட்டில்களைத் தொடுபவர் காப்பது தன்னை மட்டுமே. வசதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். மூத்தவர் கழுவாத அறையில் உடனிருப்போரும் கழுவுவது கணிசமாகக் குறைகிறது என்று லாங்க்ஃபோர்டு குழுவினர் 2003இல் காட்டினர். சிஸ்டர் செய்வதைப் பார்த்தே மாணவி செய்கிறாள். சிஸ்டர் செய்யாததைச் சுட்டிக்காட்டும் துணிவு முதலாண்டு மாணவிக்கு எங்கிருந்து வரும்? ஆகவே செய்முறைத் தேர்வில் கைகழுவும் முறையின் ஆறு படிகளையும் பிசகாமல் செய்துகாட்டுவதற்கு மதிப்பெண் தருவது போதாது. வார்டில், நோயாளியைத் தொடும் முன் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் கற்பிப்பவர்களின் கைகளும் சேர வேண்டும்.