முழுமரக் கட்டடமும் கிசிக் கோயிலும்

உருசிய நாட்டின் வடமேற்கில், ஒனேகா ஏரியின்கண் கிசி என்னும் சிறு தீவு உளது. அங்கு 1714-இல் எழுப்பப்பெற்ற திருவுருமாற்றக் கோயில் ஏறத்தாழ 37 மீட்டர் உயரமும் 22 குவிமுடிகளும் உடைய மரக் கட்டடமாகும். இஃது ஓர் ஆணியும் இன்றிக் கட்டப்பட்டது என்பர். கட்டி முடித்த தச்சன் நெஸ்தர் தன் கோடரியை ஏரியில் எறிந்தான் என்றும் கூறுவர். பின்னது செவிவழிக் கதையே. முன்னதும் முற்றும் பொருந்தாது. சுவர்கள் ஆணியின்றி நிற்பன. குவிமுடிகளைப் போர்த்த ஆஸ்பென் மரச் சில்லுகளோ ஆணியால் அறையப்பட்டவை.

சுவருக்கு ஆணி வேண்டாமைக்குக் காரணம் யாது? பைன் மரங்களை அறுத்துப் பலகையாக்காமல் முழுமரமாகவே கிடையாக அடுக்கி, மூலைதோறும் கிண்ணம்போற் குடைந்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பதிப்பதே அம்முறை. இடைவெளிகளில் உலர்ந்த பாசியைத் திணிப்பர். அடுக்கின் எடையே பிணிப்பாகின்றது. மரம் உலருந்தோறும் சுருங்க, சுவர் முழுவதும் மெல்ல அமிழும். அமிழ அமிழப் பொருத்துகள் இறுகும். இரம்பம் அவர்கள் அறியாத கருவி அன்று. எனினும் கோடரியையே விரும்பினர். கோடரி மரத்தின் நாரை நசுக்கி மூடும். இரம்பம் நாரின் வாயைத் திறந்துவிட, நீர் புகுந்து மரம் இற்றுப்போகும். அடி பருத்து நுனி சிறுத்த மரங்களை, அடியும் நுனியும் மாறிமாறி வர அடுக்கிச் சமன்செய்தனர். இக்கால ஆலைகள் ஒரே பருமனாகக் கடைந்து தருவதால் வேலை விரைகின்றது. ஆனால் கடைசலில் மரத்தின் வெளியடுக்கு போய்விடுகின்றது.

கிசிக் கோயிலின் மரங்கள் நலிந்தமை கண்டு, 1980-களின் தொடக்கத்தில் அதனுள்ளே எஃகுச் சட்டகம் ஒன்றை நிறுவினர். அதன்பொருட்டுத் தளம், விதானம், திருவுருவத் திரை ஆகியன கழற்றப்பெற்றன. வீழ்ச்சி தடுக்கப்பட்டது உண்மையே. ஆயினும் இம்முறை பிழையுடையது என்பது நம் கருத்து. அமிழ்ந்து இறுகும் சுவரை அமிழாத எஃகொடு சேர்த்தல் அதன் இயல்பொடு முரணும். குறுக்கே தாங்கிய தளமும் விதானமும் நீங்கியமையும் சுவரை மெலிவித்தது.

1990-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலிற் சேர்ந்த இக்கோயிலின் சீரமைப்பு 2020-இல் நிறைவெய்தியது. கட்டடத்தை 7 அடுக்குகளாகப் பகுத்து, மேலடுக்குகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, கீழடுக்கைப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் பூட்டினர். மேலடுக்குகளைத் தாங்கியது நாம் மேலே குறைகூறிய அச்சட்டகமே! வீட்டை நெம்பி உயர்த்தி, இற்ற அடிமரத்தை மாற்றுதல் உருசியச் சிற்றூர்த் தச்சர் தொன்றுதொட்டுச் செய்துவந்த பணி. புதுக்கருவி ஈண்டு அப்பழைய முறைக்கே துணையாயிற்று.

இவ்வாறு மரங்கள் மாறியபின் இது 1714-இன் கோயில்தானா என வினவுவார் உளர். கட்டியோர் முறையிலேயே பழுதுபார்க்கப்பட்டமையின், ஆம் என்றே கூறுவோம். பல மரங்களில் இற்ற பகுதியை மட்டும் வெட்டி, அவ்வளவிற்கே புதுமரம் பொருத்தியுள்ளனர். சாம்பல் படிந்த பழஞ்சுவரில் அத்துண்டுகள் வெளிறித் தோன்றுகின்றன.