கொழுக்கிப்புழு: மலையகத் தோட்டங்களில்

சிறுகுடற் சுவரைக் கவ்விக் குருதி குடிக்கும் ஒட்டுண்ணி. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சோகைக்குக் காரணமானது. அழற்சியை உடல் தானே எப்படி அடக்குகிறது என்பதற்கும் இது நல்ல சான்று.

ஆள்சேர்க்கும் கங்காணிகள் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவந்த தொழிலாளரில் பலர் இப்புழுவோடே வந்தனர். மலசலகூடம் இல்லாத லயக் குடியிருப்பும், ஈர மண்ணும், வெறுங்கால் வேலையும் அதைப் பெருக்கின. நுவரெலியாக் குளிரில் இதன் குடம்பிகள் அவ்வளவாகத் தழைப்பதில்லை. தாழ்வான, வெப்பமான தோட்டங்களே இதற்கு ஏற்றவை. குடம்பி தோலைத் துளைத்து உட்புகுவதைக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார். குடம்பிகள் கலந்த நீர் அவருடைய கையிலேயே சிந்தியிருந்தது.

1916இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் சுகாதாரக் குழு மாத்தளைத் தோட்டங்களில் ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. செனப்போடியம் எண்ணெய் கொடுத்ததும் புழு வெளியேறியது. மலசலகூடம் கட்டும் செலவுக்குத் தோட்டக்காரர் பலர் பின்வாங்கியதால் தொற்று திரும்பி வந்தது. சோகையின் தளர்ச்சியைச் சோம்பல் என்று கண்டதோ பெரும் அநீதி. நெக்கேட்டர் இனக் கொழுக்கிப்புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.03 மில்லிலீட்டர் குருதியை இழக்கச் செய்யும். நூறு புழு இருந்தால் 3 மில்லிலீட்டர்.

இத்தனை குருதி போயும் புழு ஆண்டுக்கணக்கில் குடலில் தங்குகிறதே, உடல் ஏன் அதை விட்டுவைக்கிறது? தொடக்கத்தில் விடுவதில்லை. குடம்பி நுழைந்த இடம் அரித்துத் தடிக்கும். இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகிய சமிக்ஞை மூலக்கூறுகள் இயோசினோபில் வெள்ளணுக்களைத் திரட்டும். தொற்று நீடித்தால் சீராக்கி டி அணுக்கள் பெருகி, இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா என்னும் அடக்கும் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. புழு சுரக்கும் புரதங்களும் இந்த அடக்குதலைத் தூண்டிவிடுகின்றன. ஓயாத அழற்சியால் குடல் சிதையாமல் காக்கும் இந்த ஏற்பாட்டின் நிழலில்தான் புழு பிழைக்கிறது.

இன்டர்லூக்கின்-10ஐ டிம் மாஸ்மன் குழுவினர் 1989இலும், சீராக்கி டி அணுக்களை ஷிமோன் சாககுச்சி 1995இலும் விவரித்தனர். சாககுச்சி 2025இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த அடக்கும் ஆற்றலைக் கொண்டு சீலியாக் நோயின் அழற்சியைத் தணிக்க, தன்னார்வலர்களுக்கு இப்புழுவையே கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் நடந்துள்ளன.

மலையகத் தோட்டங்களில் 1990களில் கூட்டாகப் புழுமருந்து கொடுக்கத் தொடங்கினர். பத்தாண்டுக்குப் பின்னும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளிடம் மண்வழிப் புழுக்கள், பெரும்பாலும் வட்டப்புழு, காணப்பட்டன. லயங்களுக்கு நல்ல மலசலகூடமும் தண்ணீரும் கிடைக்காதவரை மருந்து மட்டும் போதாது.